இழுத்து வைத்த வீடு

இரவு ஒன்றே முக்கால். மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். இரண்டு பக்கமும் மரம், நடுவில் ஒரே ஒரு வண்டி போகிற அகலத்துக்குத் தார்ச்சாலை... ஒரு விளக்கு இல்லை, ஒரு வீடு இல்லை. ஒரு வேன் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே ஒரே ஆள்.

பொறுங்கள், பொறுங்கள். குளியலறையில் தொங்குகிற ஈரத் துண்டு யாருடையது என்ற பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்வோம். ஆறு பேரும் வந்து உட்காருங்கள். கரண்ட் வருகிற வரைக்கும் வேறு வேலையும் இல்லை. வாசல் கதவு தாழ் போட்டிருக்கிறதா? சரி.

வேனில் போனவன் என் நண்பனுடைய மச்சான். ஆள் ஒல்லி, அதனால் எல்லாருக்கும் அவன் கம்பிதான். செல்போன் டவர் ரிப்பேர் செய்கிறவன். யோசித்துப் பாருங்கள்... டவர் படுத்தால்தான் அவனுக்கு வேலை. டவர் படுத்த இடத்தில் சிக்னல் இருக்காது. பிறகு எப்படி வழி பார்த்துப் போவது? அதற்காக மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்வார்கள். நெட்டே வேண்டாம். நீலப் புள்ளி தன்பாட்டுக்கு நகரும்.

அந்தப் போன் ஆபீஸ் போன். கம்பிக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த பெரியவர் வைத்திருந்தது. வெயில் காலத்திலும் மஞ்சள் மழைக்கோட்டோடு அலைவாராம் மனிதர். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு மழை ராத்திரி, வேலை முடித்து வீட்டுக்குக் கிளம்பியவர் வந்து சேரவில்லை. அவருடைய வேன் சாலையோரம் நின்றது. கதவு திறந்து கிடந்தது. போன் மட்டும் உள்ளே, வீட்டுக்கு வழி காட்டிக்கொண்டே... ஆள் கடைசிவரை கிடைக்கவில்லை.

"காணாமப் போனவர் போனை என் தலையில கட்டறீங்களே சார்" என்று கம்பி கேட்டதற்கு ஆபீஸ் ஸ்டோர்காரர் சிரித்தாராம். "ஆள்தான் போயிட்டாரு, மேப் இருக்குல்ல? பத்து வருஷ உழைப்புய்யா. கண்ணை மூடிட்டுப் போகலாம்."

அதுவும் உண்மைதான். மேப் முழுக்கப் பெரியவர் சிவப்புக் குறிகள் வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு வரி. 'நாய் உண்டு, இறங்காதே.' 'கேட் சாவி மூன்றாவது கல்லுக்கு அடியில்.' 'பள்ளம், மெதுவாகப் போ.' ஒன்றுகூடத் தப்பியதில்லை. முகமே பார்க்காத மனிதர் மேல் கம்பிக்குப் பாசமே வந்துவிட்டது. "சொந்தச் சித்தப்பா மாதிரி சொல்லிக் கொடுக்கறாரு" என்று மனைவியிடம் பெருமையடிப்பானாம்.

ஒரே ஒரு குறி மட்டும் அவனுக்கு உதவவில்லை. 'வீடு.' அது பெரியவருடைய வீடு. அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்திருக்கலாம். சோம்பேறித்தனம்... அந்தக் குறியையே விரலால் அழுத்திப் பிடித்து, இழுத்துக்கொண்டு வந்து, தன் வீட்டின் மேல் வைத்துவிட்டான். அவ்வளவுதான் அவன் செய்தது. வேறு ஒரு பாவமும் அறியான்.

அந்த ராத்திரி படுத்தது அவன் வீட்டுப் பக்கத்துக்குச் சிக்னல் கொடுக்கிற டவர். வீட்டில் மனைவி நிறைமாதம், தனியாக. வலி எடுத்தால் யாரையும் கூப்பிட முடியாது. டவர் எழுந்தால்தான் அவள் போனுக்கு உயிர்.

"டவர் எழுந்த அடுத்த நிமிஷம் கூப்பிடறேன். அதுவரைக்கும் கதவைத் திறக்காதே" என்றான் கிளம்பும்போது.

"திறந்து எங்க ஓடப் போறேன், இந்த வயித்தைத் தூக்கிட்டு?" என்று அவள் சிரித்தாள்.

பெரிய சாலையில் மரம் விழுந்து கிடந்தது. அதனால்தான் இந்தக் குறுக்குச் சாலை. கம்பி இதற்கு முன் இதில் வந்ததில்லை. பெரியவருடைய வேன் நின்றதும் இதே சாலையில்தான் என்பது அவனுக்குத் தெரியாது. கிளம்பும் முன் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தான். சாலை முழுக்கக் குறி ஒன்றும் இல்லை.

ஒன்றே முக்காலுக்கு அந்தச் சத்தம் ஆரம்பித்தது. டிங்... டிங்... டிங்...

அவன் பயப்படவில்லை. பக்கத்து சீட்டில் யாராவது பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் அந்த வேன் அப்படித்தான் கத்தும். டூல் பையின் கனம் என்று நினைத்து, பையைத் தூக்கிப் பின்னால் போட்டான். டிங்... டிங்... சீட் காலி. சத்தம் நிற்கவில்லை. கூடவே ஒரு வாடை. ரப்பர் வாடை... நனைந்ததைக் காயவைக்காமல் மடித்து வைத்தால் வருமே, அது. ஜன்னலை இறக்கினான். வாடை போகவில்லை.

சாலை இரண்டாகப் பிரிந்தது. மேப் இடது பக்கம் காட்டியது. டவருக்கு ஆறு நிமிடம். பிரிகிற முனையில் ஒரு சிவப்புக் குறி.

கிளம்பும்போது இல்லாத குறி.

வேனை நிறுத்தித் தொட்டுப் பார்த்தான். 'இடது பக்கம் போகாதே. பாலம் இல்லை.'

நெட் இல்லாத போனுக்குள் யார் வந்து எழுதுவார்கள்? நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். பெரியவர் சொல்லி எது தப்பியிருக்கிறது? வலது பக்கம் திருப்பினான். சுற்று வழி, நாற்பது நிமிடம். திருப்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது... டிங் சத்தம் இல்லை. வாடையும் இல்லை. இறங்கிப் போன மாதிரி.

டவரில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. ஒரு ஃபியூஸ். மாற்றினான். பச்சை விளக்குகள் எரிந்தன. போனில் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று... உடனே வீட்டுக்கு அடித்தான். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"ஏங்க, உங்க ஆபீஸ் பெரியவர் வந்திருக்கார்."

"எந்தப் பெரியவர்?"

"மஞ்சள் கோட்டு போட்டிருக்கார். நீங்கதான் துணைக்கு அனுப்பினீங்களாமே? திறக்க வேணாம்னுதான் பார்த்தேன். உங்க பேரு, என் பேரு எல்லாம் சரியாச் சொன்னார். பாவம், மழையே இல்ல, தொப்பலா நனைஞ்சிருக்கார். மூலையில இஸ்திரிப்பெட்டி சுட்ட துண்டு ஒண்ணு இருக்குல்ல, அதுதான் கைக்குக் கிடைச்சுது, கொடுத்தேன். துடைக்கத் துடைக்கச் சொட்டிக்கிட்டே இருக்கு." குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். "தமாஷான மனுஷன். இந்த வீட்டைக் கண்டுபிடிக்க ஏழு மாசம் ஆச்சாம்."

கம்பி போனுக்குள் கத்தினான். "நீ வெளியே போயிடு... உடனே வெளியே போ..."

"என்னங்க உளறறீங்க? எனக்கு இடுப்பு வலிக்க ஆரம்பிச்சிடுச்சு, எழுந்திருக்கவே முடியல. அவர் உள் ரூம்ல படுக்கையை விரிச்சிட்டிருக்கார். இனிமே எங்கேயும் போறதா இல்லைன்னு சொல்றார்..."

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. 'வீடு' என்ற குறி அவனுடையதே இல்லை. என்றைக்கும் பெரியவருடையதுதான். அதை இழுத்து வந்து தன் வாசலில் வைத்தவன் அவனேதான்.

மேப்பைத் திறந்தான். குறியை அழுத்திப் பிடித்தான்... தள்ளினான். எங்கே விழுகிறது, யார் வீட்டின் மேல் விழுகிறது, எதையும் பார்க்கவில்லை. என் வாசலை விட்டுப் போனால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு தள்ளினான். தப்புதான். அவனே அழுதுகொண்டு ஒப்புக்கொண்டானாம். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

போனில் மனைவியின் குரல். "ஏங்க... அவர் எழுந்துட்டார். வீடு மாறி வந்துட்டேன், மன்னிச்சிடும்மான்னு சொல்லிட்டுப் போறார். அட, துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டே போறாருங்க..."

கம்பி இடது பக்கச் சாலையிலேயே திரும்பினான். பாலம் முழுசாக நின்றது. ஒரு கல்கூடப் பெயரவில்லை. பாலத்தின் நடுவில் நிறுத்தி, போனை ஆற்றில் வீசிவிட்டு வீட்டுக்குப் பறந்தான். விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. தாயும் குழந்தையும் சுகம்.

இது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. அவனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. குறி எங்கே விழுந்தது என்று பார்க்கப் போனும் இல்லை. விரல் மேற்குப் பக்கம் போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, வீடு வீடாகப் போய் விசாரிக்கிறானாம். மஞ்சள் கோட்டோடு யாராவது வந்தார்களா என்று கேட்டால் எல்லாரும் சிரிக்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் துண்டைப் பற்றித்தான் கேட்கிறானாம். நேற்று எதிர்த் தெரு வரைக்கும் வந்துவிட்டான் என்று நண்பன் சொன்னான்.

யாராவது ஒருவர் எழுந்து போய், டார்ச் அடித்து, அந்தத் துண்டின் மூலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் சாயங்காலமே பார்த்துவிட்டேன்.

வேண்டாம், உட்காருங்கள். யாரும் போக வேண்டாம். நீங்கள் ஆறு பேர் கேட்கிறீர்கள், நான் ஒருவன் சொல்கிறேன். இந்த வீட்டில் இருப்பதே ஏழு பேர்தான். ஏழு பேரும் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது.

அப்படியானால் உள் அறையில் படுக்கையை உதறி விரிப்பது யார்?