ஒஸ்வால்டின் ஐந்து கியர்

அன்று காலை சைக்கிள் கடையில் இருந்தவர்கள்: நான், ஒஸ்வால்ட், ஒரு கிளி. முதலாளி மஜீட் நானா டியூப் வாங்க மருதானைக்குப் போயிருந்தார். கிளியை நீங்கள் விசாரிக்கலாம் சார். அதற்குச் சிங்களக் கெட்டவார்த்தை மட்டும்தான் வரும்.

உங்கள் லொக்கப்பில் நேற்று ஏழு மணி நேரம் தூங்கினேன். அதற்கு நன்றி. துறைமுகத்தில் பதினொரு வருடம் இரவு வேலை பார்த்தவன் நான். கொட்டாஞ்சேனையில் பகலில் தூங்கிப் பாருங்கள். மாதா கோயில் மணி, பிள்ளையார் கோயில் மணி, பாங்கு. மூன்று மதமும் முறை வைத்து எழுப்பும். கடவுள்மேல் எனக்குக் கோபமில்லை. வேலைப் பட்டியலை அவர் எழுதவில்லை. துறைமுகத்தில் அதை எழுதியவன் ஒஸ்வால்ட்.

ஒருமுறை அவனிடம் பகல் வேலை கேட்டேன்.

"ஆந்தைக்குப் பகல் என்னத்துக்கு மச்சான்?" என்றான்.

கந்தோரில் வேலை செய்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த மாதம் வேலையை விட்டு, மஜீட் நானாவிடம் சைக்கிள் திருத்தப் போனேன். ஆந்தை என்ற பெயர் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

ஒஸ்வால்டிடம் பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று இருந்தது. ஒற்றைக் கியர்; பின்சில்லு சுற்றும்வரை பெடலும் கூடவே சுற்றும். பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். செவ்வாய்க்கிழமைதோறும் வேலைக்குப் போகுமுன் ஜம்பட்டா வீதி இறக்கத்தில் பாய்ந்து, அந்தோனியார் கோயிலடியில் மெழுகுதிரி விற்கும் பிறிஜெற்றின் தட்டுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்துவான். அவள் சிலுவை போட்டுக்கொள்வாள். அவனுக்கு அது போதும்.

பிரச்சினை திரும்பி ஏறுவதில்தான். நாற்பத்திரண்டு வயது, முன்னால் ஒரு வயிறு. பாதி மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவான். அப்போது பிறிஜெற் சிரிப்பாள்.

அதனால் கியர் கேட்டான். இறக்குமதியை நிறுத்திவைத்திருக்கும் இந்த எழுபத்திரண்டாம் வருடத்தில் கியருக்கு எங்கே போவது? கப்பலில் வேலை செய்யும் அவன் மைத்துனன் சிறில் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தான். ஒஸ்வால்ட் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் என்னிடம் தந்தான்.

இரண்டு நாள் பிடித்தது. நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். புதுப் பின்சில்லு, அதில் ஐந்து பற்சக்கரம். செயின் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பூனை மதில் தாண்டுவதுபோல் தாவும். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தியவன் தானே ஏறி ஒரு சுற்று ஓடிப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

செவ்வாய் காலை வந்தான். பின்சில்லைத் தூக்கிப் பிடித்து, பெடலைச் சுற்றி, ஒவ்வொரு கியராகப் போட்டுக் காட்டினேன். பெடலை விட்டேன். சில்லு தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.

"கால் சும்மா இருக்க சில்லு சுத்துதுடா ஆந்தை."

"ஓம். இனிக் காலுக்கு லீவு."

"நீ ஓடிப் பாத்தனியா?"

"பாத்தனான்."

அது பொய். பிரேக் இல்லாத சைக்கிளில் ஏற எனக்கென்ன பைத்தியமா? இந்தக் கியர் போட்டபின் பெடலைப் பின்னுக்கு எவ்வளவு அழுத்தினாலும் அது வெறுமனே சுற்றும், சில்லு நிற்காது. கியர் பூட்டுகிறவன் பிரேக்கும் பூட்ட வேண்டும். பெட்டி கட்டியவனுக்கு அது தெரிந்திருக்கிறது. இரண்டு பிரேக்கும் கம்பியோடு உள்ளே இருந்தன. கிளிக்கூண்டின் அடித்தட்டில் வைத்தேன். நீங்கள் எடுத்ததும் அங்கிருந்துதான்.

அவன் கேட்டது கியர். கேட்டதைச் செய்து கொடுத்தேன். இறக்கத்தின் அடியில் குறுக்கே வந்த மாவு லொறியை நான் ஓட்டவில்லை. அதன் சில்லுக்குள் போகும்வரை அவன் கால்கள் பின்னுக்கு மிதித்துக்கொண்டே இருந்தன என்று பிறிஜெற் சொன்னாளாம். பழக்கம் அப்படித்தான். வேலையை விட்டபின்னும் இரவெல்லாம் விழித்துக் கிடந்தவன் நான், எனக்குத் தெரியும்.

மறதி என்று எழுதச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் எட்டு மணிக்குத் திறந்த கடை எட்டேகாலுக்கு ஏன் பூட்டிக் கிடந்தது என்று கேட்டீர்கள்.

கடை வாசலிலிருந்தே இறக்கம் தொடங்குகிறது. ஒஸ்வால்ட் படியிறங்கி, வயிற்றை எக்கிக்கொண்டு, ஒரு காலைப் பெடலில் வைத்தான். கதவு திறந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன். வாய்வரை வந்துவிட்டது.

அதனால் அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினேன்.