நாலாவது ஆளைத் தேடிய நல்லாளுக்கு

நூறாண்டுக்கு முன் பாரிசில் புதைக்கப்பட்ட பிரெஞ்சுப் பேராசானைப் பிடித்திழுத்து வந்து, எங்கள் புறநகரான நோபல் பார்க்கில் பூட்டிக் கிடந்த கதவொன்றைத் திறக்கவைத்த பெருமாட்டியே! கும்பகோணத்தில் பிறந்து, சமூகவியலைக் கரைத்துக் குடித்து, எங்கள் குடியேறிகள் நலமையத்தில் குடிகொண்ட வேதவல்லி அம்மையாரே! பணி ஓய்வு பெறும் தங்களை வாழ்த்த வந்தோம். வாய்தான் வரமாட்டேன் என்கிறது.

அந்தப் பேராசான் எமில் துர்கைம் என்ற பெயரைத் தாங்கள் சொல்லாத நாளில் டாண்டினோங் ரயில் ஓடியதில்லை. யூத மதகுருக்களான ரபிகள் வழிவந்த குடும்பத்தில் பிறந்தும் ரபியாகாமல், சமூகத்தை ஆராய்வதே தனியோர் அறிவியல் என்று நிறுவியவர் என்பீர்கள். தன்னைத்தானே மாய்த்துக்கொள்பவனின் துயரம் அவனுக்குள் மட்டும் முளைப்பதில்லை, அவனைப் பிறரோடு பிணைத்த கயிறுகள் அறுந்த இடத்திலும் தேடுங்கள் என்று அவர் சொன்னதை, எங்கள் பிஸ்கட்டுகள் நமுத்துப்போகும்வரை விளக்குவீர்கள். போரில் மகனைப் பறிகொடுத்த அவர் அந்தத் துயரோடே அடங்கினார் என்று முடிக்கும்போது மட்டும் தங்கள் குரல் இறங்கும். எங்கள் முகாமையாளர் கௌரிசங்கரோ, "தியரி எல்லாம் சரி மேடம், தியரி போய்க் கதவைத் திறக்குமா?" என்பார்.

பிறகு யதுஷன் போனான். படகில் அகதியாய் வந்து, தற்காலிக விசாவில் ஆண்டுக்கணக்காய்ப் பதிலுக்குக் காத்திருந்து, முடியாமல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட பிள்ளை. அவனோடு அதே படகில் வந்து, அதே வீட்டில் குடியிருந்த சிவபாதசுந்தரம் கதவைப் பூட்டிக்கொண்டார். மருத்துவர் தட்டினால் "ஓம், இருக்கிறன்" என்ற குரல் மட்டும் வரும். நாங்கள் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு, தொந்தரவு செய்யலாகாதென்று பூனைபோல் திரும்பினோம். அதையே பண்பென்று நினைத்தோம். சாப்பாடு வைத்தபடியே கிடந்தது. அடுத்த சாவும் அந்த வீட்டில்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை; எல்லாரும் நினைத்தோம்.

தாங்கள்தான் வெடித்தீர்கள்: "குடுத்துக் குடுத்தே அந்த மனுஷனை யாருக்கும் தேவையில்லாதவரா ஆக்கிட்டோம். இனிமே அவர்கிட்ட கேப்போம்!"

"எதைக் கேக்குறது? கேஸ் நோட்ல என்னன்னு எழுத?"

"சீட்டாட்டத்துக்கு நாலாவது ஆள் வேணும்னு எழுதுங்க, கௌரி."

மையத்தில் அவரோடு முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடும் மூன்று அங்கிள்மார், பிளாஸ்டிக் கதிரைகளோடு அவர் வாசலில் போய்க் குந்தினார்கள். நாலு பேர் ஆடும் ஆட்டம். நாலு கைக்கும் சீட்டுப் பிரித்தார்கள்.

பிற்பாடு அவரே சொன்னபடி, உள்ளே, திரை மூடிய அறையில், சிவபாதசுந்தரத்துக்கு அது அடுத்த வீட்டு வானொலிபோல் கேட்டது. "சிவத்தாரின்ர கையையும் நானே ஆடுறன்" என்றது ஒரு குரல். அவருக்கு வந்த சீட்டை உரக்க வாசித்துப் பிழையாக இறக்கினார்கள். மறுபடியும் பிழை; வெட்டும் துரும்புச் சீட்டு கையிலேயே கிடந்தது. "விடு, நல்ல சீட்டு வந்தாலும் தோக்கிற மனுசன்தானே!" சிவபாதசுந்தரம் போர்வையை இழுத்து மூடினார். வாழவேண்டும் என்ற ஆசை அப்போதும் அவருக்கு வரவில்லை; தன் பெயரில் ஒரு மடையன் தோற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"துரும்பால வெட்டடா, விசரா!"

கதவு திறந்த சத்தம் டாஸ்மேனியா வரைக்கும் கேட்டதாம். எலும்பும் தாடியுமாய் நின்றவரைப் பார்த்து ஒருவரும் அழவில்லை. "கத்தாதையும் ஐசே, இரும். உம்மட கை" என்றார்கள். இருந்தார்.

வல்லமை வாய்ந்த வேதவல்லியே! இதற்கு மேல் எங்களுக்குப் புகழ வரவில்லை. அவருக்கு விசா இன்னும் வரவில்லை. யதுஷன் வரப்போவதில்லை. தங்கள் பதவியையே நீக்கிவிட்டார்கள். அந்தக் கதிரைக்கும் ஆள் வராது. தூரத்து ஊரான லிட்கமிலிருந்தும் போன் வருகிறது, அங்கேயும் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறதாம். கதவுக்கு மூன்று கிழவர் என்று நாங்கள் எங்கே போய்ப் பிடிப்போம்?

ஆனாலும் முழங்கால் நோகாமல், மூச்சு முட்டாமல், மருத்துவர்கள் மறந்தே போகும் அளவுக்கு நெடுங்காலம் வாழ்க! தனியே மட்டும் இருந்துவிடாதீர்கள். எங்களுக்கு நீங்கள் வேண்டும்.

மைய ஊழியர்கள் அனைவருக்குமாக,
தங்களுக்கு முன்னமே ஓய்வெடுத்த
பவளராணி

கையொப்பமிட வந்த கௌரிசங்கர், தம் பெயருக்குக் கீழே தாமே எழுதியது:

"முதல் வரி ரொம்ப ஓவர், எடுத்துடுங்கன்னு பவளாக்காகிட்ட சொன்னேன் மேடம். ஆனா அன்னைக்கு நான் தெருவுல கார்லதான் இருந்தேன். ஆம்புலன்சைக் கூப்பிட போனைக் கையில எடுத்துட்டேன். கதவு திறந்துச்சு. ஆமா, நடந்ததுதான்."