வெள்ளை டயர்

சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் டயரைப் பற்றிக் கேட்டால் நான் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், இன்ஸ்பெக்டர் ஐயா. பொறுத்துக்கொள்ளுங்கள். அரியலூர்ப் பக்கம் அந்த சிமெண்ட் ஆலையில் எல்லா வண்டிக்கும் டயர் மாட்டுவது நான்தான். மேடு பள்ளமான வெளித்தரைக்குக் காற்று டயர். வரிகள் ஆழமாக இருப்பதால் சேற்றிலும் பிடிக்கும். ஆணியும் தகடும் கிடக்கும் இடத்துக்குக் காற்றே இல்லாத கெட்டி ரப்பர், சாலிட் டயர். கிடங்குக்குள் ஓட வெள்ளை டயர். தரையில் கறுப்புக் கோடு விழாது, ஆனால் வழவழப்பு. ஈரச் சரிவில் அதை ஓட்டக் கூடாது.

வெளி முற்றத்து வண்டி மணிவேலுடையது. செந்துறையிலிருந்து பஸ்ஸில் வருவான். நல்ல வேலைக்காரன், கலகலப்பானவன். ஆயுத பூஜையன்று எலுமிச்சம்பழத்தின் மேல் முதல் வண்டியை ஏற்றுவது வருஷா வருஷம் நான்தான். இந்த முறை மேனேஜர் அவனைக் கூப்பிட்டார். என் முகம் சுண்டியதைப் பார்த்துவிட்டு, "டயர் மாத்துறவருக்கு ஸ்டீரிங் எதுக்குண்ணே?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவனுக்கு அது வெறும் கேலி. நான் கையில் வாங்கிய பொரியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இவ்வளவு அற்பமான காரணம். சொல்லவே நா கூசுகிறது.

ஐப்பசி மழை பிடித்தது. சுண்ணாம்புத் தூள் நனைந்து வெளி முற்றத்துச் சரிவு முழுக்கக் களிம்பாகக் கிடந்தது. அன்று காலையில் அவன் வண்டியின் காற்று டயர்களைக் கழற்றிவிட்டு வெள்ளை டயர்களை மாட்டினேன்.

"என்னண்ணே, மழையில வெள்ளை டயரு?"

"காத்து டயர்ல வெடிப்பு விட்டிருக்கு. இன்னிக்கு இத ஓட்டு."

"நீங்க சொன்னா சரிதாண்ணே."

சுமையோடு சரிவில் இறங்கும்போது வண்டி வழுக்கிக் கவிழ்ந்தது. அவன் குதித்தான். வண்டியின் கூண்டு அவன் மேலேயே விழுந்தது.

பிணவறை வாசலில் அவன் மனைவி பரிமளா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "முத்துவேலண்ணன் மாட்டுன டயருன்னா கண்ண மூடிட்டு ஓட்டலாம்னு வூட்ல சொல்லுவாருண்ணே" என்று அழுதாள். வெட்கங்கெட்டவன் நான், அந்தக் கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

அவன் லேசாக வழுக்கித் தூணில் இடிப்பான், நாலு பேர் சிரிப்பார்கள், அதோடு சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். இதுநாள் வரை எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சரிவில் தூணே கிடையாது.

கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. ஒவ்வொரு நட்டையும் முறுக்கிப் பார்த்துத்தான் அனுப்பினேன்.