லேப்டாப்புலேர்ந்து சர்வருக்கு

தொடை சுடலையா தம்பி? புதுக்கோட்டையில ஏறுனதுலேர்ந்து லேப்டாப்ப மடியிலயே வச்சிருக்கீங்களே, அதான் கேட்டேன். லேசாத்தான் சுடுமா? சரியாப் போச்சு. லேப்டாப்புன்னா லேசா சுடும், சர்வர்னா கொதிச்சிரும், ஏசி போட்டுத்தான் வைக்கணும்னு எம்மக அவ ஆத்தாகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தா. எங்கிட்டச் சொல்லல. நான் கதவுக்கு அங்கிட்டு நின்னு கேட்டுக்கிட்டேன்.

தஞ்சாவூரா போறீங்க? நான் கந்தர்வக்கோட்டையில எறங்கணும். அதுக்குள்ள ஒரு விசயம் தெளிவாத் தெரிஞ்சாகணும். இந்த சர்வர் ப்ராசசரு, லேப்டாப் ப்ராசசருங்கிறாகளே, ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்? இங்கிலீசு வேணாம். நமக்கு ஹோட்டல் லைனு. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுகிட்ட, இருவத்தெட்டு வருசமா. அந்த வாக்குல சொன்னீங்கன்னா டக்குனு புடிச்சுக்குவேன்.

ம்... ம்... இருங்க, இருங்க. அப்ப லேப்டாப்ல இருக்கிறது வீட்டு அடுப்புன்னு வச்சுக்கங்க. நாலு பேருக்குத் தோச. கேட்ட ஒடனே சுடச்சுட வந்துரும். ஆளு இல்லன்னா அடுப்ப அமத்திட்டு உக்காந்துரும், பேட்டரி மிச்சம். விடாம ஊத்தச் சொன்னா, சூடு தாங்கல, செத்த பொறுங்கன்னு கைய மெதுவாக்கிரும். எங்க உண்ணாமலை மாதிரியே. சம்சாரந்தான், வேற யாரு.

சர்வர்ல இருக்கிறது ஹோட்டல் அடுப்படி. எத்தன கை? அறுவத்து நாலா! கோர்னு சொல்றீங்களே, அதத்தான் நான் கைங்கிறேன். ஒத்தக் கையப் பாத்தா வீட்டு அடுப்பக் காட்டிலும் கொஞ்சம் நிதானந்தான். ஆனா எரநூறு பேரு ஒரேயடியா வந்து உக்காந்தாலும் ஒருத்தரும் காத்துக் கெடக்க வேணாம். சரிதானுங்களா? அமத்துறதே கெடையாது. நடுவுல எதாச்சும் எழுத்து மாறிப்போனாக்கூட அதுவே கண்டுபுடிச்சுத் திருத்திக்குமா? அடேயப்பா. ரவா தோசன்னு கத்துனா ரவா இட்லின்னு காதுல வாங்குற மாஸ்டரு எங்க ஹோட்டல்ல இருக்காரு. அவருக்கு அதுல ஒண்ணு வாங்கி மாட்டலாம்.

இத மட்டும் பதினஞ்சு நாளைக்கு முன்னாடி ஒரு ஆளு எனக்குச் சொல்லியிருந்தா, எம்மக எங்கிட்டப் பேசிக்கிட்டிருந்திருப்பா.

வைஷ்ணவின்னு பேரு. ஒரே பொண்ணு. புதுக்கோட்டையில ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல வேல. கந்தர்வக்கோட்டையிலேர்ந்து ஒரு எடம் வந்துச்சு, முந்திரித் தோப்பு வச்சிருக்கவுக. பையன் பேரு சரவணக்குமாரு. தரகரு நாகராசு போன்ல சொல்றாரு, பையன் பெங்களூருல இருக்காப்ல, மொதல்ல லேப்டாப்ல இருந்தாப்ல, இப்ப சர்வருக்கு மாத்திட்டாகன்னு. அதச் சந்தோசமா வேற சொல்றாரு மனுசன். நீங்களே சொல்லுங்க. ஒருத்தன் லேப்டாப்ல இருந்தான், இப்ப சர்வர் ஆயிட்டான்னா என்ன அர்த்தம்? கம்ப்யூட்டர் வேல போயிருச்சு, வயித்துப்பாட்டுக்குத் தட்டு தூக்குறான்னுதான? சிரிக்காதீங்க தம்பி, முன்சீட்டு அம்மா திரும்பிப் பாக்குது.

வீட்டுல யாருகிட்டயும் மூச்சு விடல. பொண்ணு பாக்க வரட்டும், நானே விசாரிச்சுக்கிறேன்னு இருந்துட்டேன். அங்கதான் கெட்டேன்.

வந்தாக. பையன் லட்சணமாத்தான் இருந்தாப்ல. கேசரி, பஜ்ஜி எல்லாம் குடுத்துட்டு மெதுவா ஆரம்பிச்சேன். இப்ப சர்வராமே மாப்ளேன்னேன். ஆமா மாமான்னு பல்லு தெரியச் சிரிக்கிறாப்ல. ஒரு கூச்சம் வேணாமா? லேப்டாப்பு நல்லாருந்துச்சா, சர்வரு நல்லாருக்கான்னு கேட்டேன். சர்வர்தான் மாமா, ஆனா சூடு ஜாஸ்தி, லீவே கெடையாது, வருசம் பூரா ஓடிக்கிட்டே இருக்கணும்னாப்ல. அது நெசந்தான, நம்ம லைன்ல நமக்குத் தெரியாதா. எத்தன டேபிளுன்னேன். ஆயிரத்து எரநூறு டேபிளாம்!

அது தகவல் எழுதி வைக்கிற டேபிளா? அத நீங்க இப்ப சொல்றீங்க. எனக்கு அன்னைக்குத் தல சுத்திருச்சு. மதுரையில கூட அம்புட்டுப் பெரிய ஹோட்டல் கெடையாதேங்க. ஆர்டரு எம்புட்டு வரும்னா, ஒரு செகண்டுக்கு அஞ்சாயிரம்ங்கிறாப்ல. டிப்ஸ் எதும் கெடைக்குமான்னு கேட்டேன். சீனியருங்க நெறைய டிப்ஸ் குடுப்பாக மாமா, நானும் புதுசா வர்ற பசங்களுக்குக் குடுத்துருவேன்னாப்ல. சரி, வாங்குற டிப்ஸக்கூட அடுத்தவனுக்குக் குடுக்கிற மனசு இருக்கேன்னு நான் கொஞ்சம் எறங்கி வந்துட்டேன்.

அதோட விட்டிருக்கலாம். நாக்கு சும்மா இருக்குதா. ஏன் மாப்ளே, சர்வருக்கு வயசாயிட்டா என்ன செய்வீகன்னு கேட்டுப்புட்டேன். அந்தப் புள்ள பஜ்ஜியக் கடிச்சுக்கிட்டே சொல்லுது, அஞ்சு வருசந்தான் மாமா, அதுக்கு மேல வச்சிருந்தா தெண்டம், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வச்சிருவோம், பழசெல்லாம் எடைக்குத்தான்னு.

எடைக்காம் தம்பி. கிலோ கணக்குல.

எந்திரிச்சேன். பையன் கையில இருந்த கேசரித் தட்ட வாங்குனேன். தோள்ல கெடந்த புதுத் துண்ட எடுத்து டீப்பாய ஒரு இழுப்பு இழுத்துத் தொடச்சேன். அஞ்சு டம்ளரையும் ஒத்தக் கையில அள்ளிக்கிட்டு, சர்வருக்கெல்லாம் எம்பொண்ணக் குடுக்க முடியாது, கெளம்புங்கன்னுட்டேன். ஏன் தொடச்சேன்னா? தெரியல தம்பி, கோவத்துல கை அதுபாட்டுக்குச் செஞ்சிருச்சு.

அவுக அப்பா எம்மூஞ்சியவே பாத்தாரு. செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டாக. வைஷ்ணவி உள்ளேர்ந்து வந்தா. சர்வர்னா மிசினுப்பா, அதப் பாத்துக்கிறதுதான் அவரு வேலைன்னா. எங்கிட்ட அவ பேசுனது அதுதான் கடேசி. தோசய வச்சிட்டுப் போயிருவா, சட்னி வேணுமான்னுகூடக் கேக்க மாட்டா. அன்னைக்கு நான் வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடி அவளும் அந்தப் பையனும் கெணத்தடியில அஞ்சு நிமிசம் தனியாப் பேசுனாக. திரும்பி வரும்போது அவ சிரிச்ச சிரிப்ப நான் பாத்தேன் தம்பி. எம்புள்ள அப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. அதக் கெடுத்தது நாந்தான்.

நாளைக்கு அவுக பேராவூரணியில வேற பொண்ணு பாக்கப் போறாகளாம், நாகராசு சொன்னாரு. அதான் லீவச் சொல்லிட்டு பையனோட அப்பாவப் பாக்க ஓடியாரேன். ஐயா, லேப்டாப்பு வீட்டு அடுப்பு, சர்வரு ஹோட்டல் அடுப்பு, ஒங்க மகன் பெரிய அடுப்புக்குப் போயிருக்காரு, நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு சொல்லப் போறேன். கோர்வையா இருக்குங்களா?

ஆமா தம்பி, அதுக்குத்தான் நானும் பயப்படுறேன். தப்பாவே வெளங்கிக்கிட்டாலும், சர்வர்னா ஒமக்கு அம்புட்டு எளக்காரமாய்யான்னு அந்தப் பெரியவரு கேட்டுட்டா?

எளக்காரம்னு இல்லங்க. சர்வருக்கு வாக்கப்பட்டவளுக்கு தீவாளியும் கெடையாது, பொங்கலும் கெடையாது, அன்னைக்குத்தான் கூட்டம் அம்மும். முட்டி போயிரும். எந்த சோப்பு போட்டாலும் சாம்பார் வாசன போகாது. அப்பா என்ன வேலைன்னு பள்ளிக்கூடத்துல கேட்டா, ஹோட்டலுன்னு மட்டும் எழுதிட்டு புள்ள பேப்பரக் கையால மறைச்சுக்கும்.

முந்திரி வாசன அடிக்குது பாருங்க, ஆதனக்கோட்ட தாண்டுது. இந்தா வந்துரும். அந்த மேல இருக்க பையக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க தம்பி. கேசரிதான். அன்னைக்குப் புடுங்குன தட்டுக்குப் பதிலா.

என்ன கேட்டீங்க? சொந்த ஹோட்டலுக்கு யாருகிட்ட லீவு சொல்றதா? நான் எப்பங்க சொந்த ஹோட்டலுன்னு சொன்னேன்? ஹோட்டல் லைனுன்னுதான சொன்னேன். அவுககிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். இன்னைக்குப் போன ஒடனே மொதல்ல அதச் சொல்லிட்டுத்தான் மத்ததப் பேசணும். கண்டக்டரே, கந்தர்வக்கோட்ட ஒண்ணு இருக்குங்க, மறந்துறாதீங்க! வரட்டுமா தம்பி. நானும் சர்வர்தான். இருவத்தெட்டு வருசமா ஓடிக்கிட்டிருக்கேன், இன்னும் எடைக்குப் போடல.