செந்தாமரையக்கா வாங்கிப்போன தேன்

பெயர் மங்கம்மாள், வயது பதின்மூன்று, தகப்பனார் கோபால்சாமி, நெல்லிவாசல்நாடு. உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். விடுதியில் எல்லோரும் தூங்கிய பின், இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு நானே எழுதும் வாக்குமூலம்.

1983 சித்திரை மாதம் விடுமுறையில் நான் வீட்டில் இருந்தபோது, பக்கத்து வீட்டுச் செந்தாமரையக்காவின் மகன் சின்னராசு, வயது நான்கு, சாமைக்கஞ்சிப் பானையை இழுத்துத் தொடையில் கவிழ்த்துக்கொண்டான். நர்சு மார்த்தாள் அம்மா வந்து புண்ணைக் கழுவி, ஊசி போட்டு, துணி கட்டி, களிம்பு தீர்ந்துவிட்டது, வரும்வரை கலப்பில்லாத மலைத்தேன் தடவுங்கள் என்று சொல்லிப் போனார். அதன் பிறகு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தபோது, ஆலங்காயம் வியாபாரி பாண்டுரங்கன் எங்கள் தேன் டின்னை எடைபோட்டுக்கொண்டிருந்தார். அந்த டின்னில் பாதி வெல்லப்பாகு. முந்தின நாள் அப்பா காய்ச்சிக் கலந்தார், நான் அடுப்பெரித்தேன். "சந்தைக்காரன் நாக்குக்கு இது போதும்" என்று அப்பா அப்போது சிரித்தார். வேறு தேன் வீட்டில் இல்லை.

"புண்ணுக்குப் போடணுங்கண்ணா, நல்ல தேன்தானுங்களே?" என்று அக்கா கேட்டார்.

அப்பா வியாபாரியைப் பார்த்தார். பிறகு, "இன்னாம்மா இப்படிக் கேட்டுட்ட, சுத்தத் தேனு, எறும்புகூட கிட்ட வராது" என்று சொல்லி ஒரு சொம்பு நிறைய மொண்டு கொடுத்தார். வியாபாரி போன பிறகாவது சொல்லுவார் என்று இருந்தேன். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது அக்கா தண்ணீருக்குப் போயிருந்தார். சுவரிலிருந்து பாய் வரைக்கும் எறும்பு வரிசை போய், கட்டுத்துணிக்குள் நுழைந்தது. "கடிக்குதுக்கா" என்றான் சின்னராசு. பாவாடை நுனியால் துடைத்துவிட்டு, பாயைச் சுற்றிச் சாம்பல் தூவிவிட்டு வந்தேன். அதன் பிறகு புண் சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டு, ஏழாம் நாள் ஜமுனாமரத்தூர் பஸ்சுக்குத் தூக்கிப்போகும் வழியில் இறந்துபோனான்.

ஊசியால் செத்தான் என்று ஊரார் எழுதிக் கொடுக்க, தாங்கள் மார்த்தாள் அம்மாவைப் பிடித்துப் போனீர்கள். ஊசி போட்ட இடம் கறுத்ததைப் பார்த்தேன் என்று, அப்பா சொல்லச்சொன்னபடி நானும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய்.

அன்று சாயங்காலம் செந்தாமரையக்கா என் தலையைத் தடவி, "நீயாவது பயப்படாம சொன்னியே கண்ணு" என்றார். மீதித் தேனைச் சொம்போடு திருப்பிக் கொடுத்தார். அப்பா அதை அடுத்த டின்னில் ஊற்றினார்.

இதைக் கொடுத்தால் அப்பாவைப் பிடிப்பீர்கள், என் படிப்பும் நிற்கும். கொடுக்காவிட்டால் மார்த்தாள் அம்மா உள்ளேயே இருப்பார். இரண்டிலும் சின்னராசு இல்லை.

இதில் உள்ளது நான் கண்டதும் செய்ததும்தான். படித்துக் காட்ட ஆள் இல்லாததால் நானே இரண்டு முறை படித்தேன். சரியாக இருக்கிறது.

கோ. மங்கம்மாள்