ஆயுளுக்கு ஒரே கோல்

பழைய காணொளிகளைத் தெளிவாக்கித் தரும் கடையொன்றின் உள்ளறை. பேருந்துப் பணிமனையில் எஞ்சின் பழுதுபார்க்கும் ஒருவர், தம் வாழ்நாளில் கால்பந்தில் தாம் அடித்த ஒரே கோலைக் கண்குளிரக் காணும் பேராவலோடு கணினித் திரையின்முன் அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் மனைவியின் தம்பி; அந்தக் கோலை அன்று தடுக்கத் தவறிய கோல்கீப்பர். இருவரையும் அவர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் முறையிலேயே அத்தான், மச்சான் எனக் குறிப்போம். விசைப்பலகையின்முன் இருப்பவர் கடையின் உரிமையாளர், எடிட்டரம்மா.

அத்தான்: சரிம்மா, பந்தோட ஓடி வர்றது நான். தெரியுது. எதிர்ல தடுக்க வர்றாரே, இவரு யாரு?

எடிட்டர்: அதுவும் நீங்கதான் சார்.

அத்தான்: ...விசில் வெச்சிருக்கிறவரு?

எடிட்டர்: நீங்கதான்.

மச்சான்: அத்தான், கோல்ல நிக்கிறது யாருன்னு பாருங்க. என் சட்டை, என் கால், உங்க மீசை.

அத்தான்: என்னம்மா இது, ஊரே என் மூஞ்சியா இருக்கு?

எடிட்டர்: நான் என்ன சார் பண்றது? வீடியோவுல ஒவ்வொரு முகமும் கடுகு சைஸ். அதைப் பெருசாக்கினா மெஷினுக்குக் கண்ணு எது, மூக்கு எதுன்னே தெரியாது. அன்னைக்கு விளையாடினவங்க எல்லாரோட போட்டோவும் குடுங்க, அதைப் பார்த்து முகத்தைத் தீட்டிக்கும்னு சொன்னேன். நீங்க யாரோட போட்டோ அனுப்பினீங்க?

அத்தான்: ...என்னோடது.

எடிட்டர்: பத்து கோணத்துல.

அத்தான்: முக்கியமான ஆளு தெளிவா விழட்டுமேன்னு...

மச்சான்: விழுந்திருக்கே. அந்தக் கம்பத்துக்கிட்ட படுத்திருக்கிற நாயைப் பாருங்க.

அத்தான்: ஐயோ.

எடிட்டர்: நாய்கூடப் பரவாயில்ல சார். பந்தைப் பெருசாக்கிப் பார்க்காதீங்க.

அத்தான்: பந்துமா?

எடிட்டர்: உருண்டையா இருந்துச்சில்ல, முகம்னு நெனச்சிடுச்சு.

மச்சான்: அப்ப அத்தான் அத்தானை உதைக்கிறாரு. உதை வாங்கின அத்தான் சிரிச்சுக்கிட்டே போய் அத்தானைத் தாண்டி உள்ள விழறாரு. அதைப் பார்த்து எல்லா அத்தானும் கை தட்டுறாங்க. ரொம்ப நல்லா இருக்கு எடிட்டரம்மா, இதையே குடுத்திடுங்க.

அத்தான்: வாயை மூடுடா. நாளைக்குச் சாயங்காலம் சங்கத்துல இதைப் போடணும்.

எடிட்டர்: என்ன சங்கம் சார்? அன்னைக்கே கேட்டேன், நீங்க கோலைப் பத்தியே பேசிட்டுப் போயிட்டீங்க.

அத்தான்: விளையாட்டுச் சங்கம்மா. சின்னப் பசங்க டீமுக்கு ஒரு கோச் வேணுமாம். பேர் குடுத்தது ரெண்டே பேரு. ஒண்ணு நான். இன்னொண்ணு... இதோ, அக்கா வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எனக்கு எதிரா நிக்கிறானே, இந்த மகான். நாளைக்கு ஆளுக்கு ஒரு வீடியோ போட்டுக் காட்டணும். அதைப் பார்த்துக் கமிட்டி முடிவு பண்ணும்.

எடிட்டர்: இவரு என்ன வீடியோ போடப் போறாரு?

அத்தான்: அவன் எதைப் போடுவான்? அவன் கோல்கீப்பரா நின்ன லட்சணத்துக்கு ஊர்ல அவன் பேரே சல்லடை. அந்தப் பேரு வந்ததே இந்தக் கோலால. தப்பான பக்கம் பாய்ஞ்சு கோட்டை விட்டான்.

மச்சான்: அதனாலதான் அத்தான் சொல்றேன். மங்கலா இருக்கிறதையே போடுங்க. யாரு என்னன்னு தெரியாம, புகை மாதிரி, நல்லா இருக்கு. எதுக்குப் போட்டு நோண்டிக்கிட்டு?

அத்தான்: பார்த்தியாம்மா, வயிறு எரியுது இவனுக்கு. மங்கலா இருந்தா அடிச்சது நான்னு யாரு நம்புவா?

எடிட்டர்: மங்கல்னாலும் இது சாதாரண மங்கல் இல்ல சார். கேமராவுல தூரத்துல இருந்து எடுத்திருக்காங்க. அந்த கேசட் ஓடுறப்ப டிவியை யாரோ செல்போன்ல பிடிச்சிருக்காங்க...

அத்தான்: நான்தான் பிடிச்சேன்.

எடிட்டர்: அந்த செல்போனை இன்னொரு செல்போன்ல?

அத்தான்: அதுவும் நான்தான். பழைய போன்ல சார்ஜ் ஏறல.

எடிட்டர்: நகலுக்கு நகல், அதுக்கு ஒரு பேரன். சரி, முகம் தீட்டுற வேலையை நிறுத்திட்டு, வெறும் உருவத்தை மட்டும் தெளிவாக்கி இன்னொரு தடவை ஓட்டி வெச்சிருக்கேன். மூஞ்சி மொழுக்குன்னுதான் இருக்கும். ஆனா கை, கால், பந்து எல்லாம் பளிச்சுன்னு தெரியும்.

மச்சான்: கையுமா?

எடிட்டர்: விரலே தெரியும் சார்.

மச்சான்: ...எடிட்டரம்மா, உங்க கடையில கரண்டு அடிக்கடி போகுமா?

எடிட்டர்: போகாது. ஏன்?

மச்சான்: சும்மா கேட்டேன்.

அத்தான்: அவனை விடும்மா. படத்துக்குப் பின்னாடி ஓட ஒரு வர்ணனை எழுதி வெச்சிருக்கேன். நீ ஓட்டு, நான் படிக்கிறேன். நேரம் சரியா வருதான்னு பார்க்கணும்.

மச்சான்: யாரு எழுதினது?

அத்தான்: நானேதான். யார் அடிச்சதுன்னு தெரியணுமில்ல, அதனால மூணாம் மனுஷன் சொல்ற மாதிரி எழுதியிருக்கேன். ஓட்டும்மா. ம்ம்ம்... "ஆட்டம் முடிவடையும் தறுவாய். பணிமனை அணியினரின் நம்பிக்கை அனைத்தும் ஒரே வீரரின் தோள்களில் தங்கியிருந்தது. அவ்வீரரோ, சீறிவரும் சிங்கமென..."

எடிட்டர்: சார், நீங்க குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருக்கீங்க.

அத்தான்: சிங்கம் பாயறதுக்கு முன்னாடி குனியும்மா. "...சீறிவரும் சிங்கமெனப் புறப்பட்டு, எதிர்ப்பட்ட மூவரைத் தம் கால்வன்மையால் நிலைகுலையச் செய்து..."

மச்சான்: அவங்க மூணு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் மோதி விழுந்தாங்க அத்தான். நீங்க அந்தப் பக்கமே போகல.

அத்தான்: நிலைகுலைஞ்சாங்களா இல்லையா? "...இலக்கினை நோக்கிக் கூர்ந்து நோக்கினார். இமைப்பொழுதில் அவரது வலக்கால் விடுத்த பந்து, வில்லிலிருந்து விடுபட்ட அம்பினைப் போல, கோலின் மையத்தை நோக்கி..."

எடிட்டர்: சார்.

அத்தான்: "...மையத்தை நோக்கி..."

எடிட்டர்: சார், பந்து வெளியில போகுது.

அத்தான்: எங்க?

எடிட்டர்: இதோ. கம்பத்துக்கு அந்தப் பக்கம். நாய் இருக்கில்ல, அது தலைக்கு நேரா.

அத்தான்: அது... அது மெஷினோட கற்பனைம்மா. நீதானே சொன்னே, தெரியாததைத் தானா தீட்டிக்கும்னு. நாய்க்கு மீசை வெச்ச மெஷின், பந்தைத் தள்ளி வெக்காதா?

மச்சான்: கரெக்ட். அத்தான் சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட். மெஷினை நம்பவே கூடாது. மூடிடுங்க எடிட்டரம்மா.

எடிட்டர்: இருங்க, இருங்க. இவ்வளவு நேரம் எலியும் பூனையுமா இருந்தீங்க. திடீர்னு ரெண்டு பேரும் ஒரே கட்சி ஆயிட்டீங்க?

அத்தான்: உண்மைன்னு வந்தா நாங்க ஒத்துமையா இருப்போம்.

எடிட்டர்: மெஷின் தோலைத் தீட்டும், கண்ணைத் தீட்டும். இருக்கிற இடத்தை மாத்தாது சார். சந்தேகம்னா பக்கத்துலயே உங்க பழைய வீடியோவை வெக்கிறேன், பாருங்க. வெள்ளையா ஒரு புள்ளி போகுதா? அதுவும் அதே வழியிலதான் போகுது. நாய்ப் பக்கம்.

அத்தான்: அப்ப கோல் எப்படி விழுந்துச்சு?

எடிட்டர்: அதைத்தான் நானும் பார்க்கிறேன். மெதுவா ஓட்டுறேன்.

மச்சான்: வேணாம்.

அத்தான்: ஓட்டும்மா.

மச்சான்: அத்தான், அக்கா சீக்கிரம் வரச் சொன்னா. போகலாம் வாங்க.

அத்தான்: உட்காருடா.

எடிட்டர்: கீப்பர் பாயறாரு. நீங்க சொன்ன மாதிரி தப்பான பக்கம் பாயல. பந்து போற பக்கமாத்தான் பாயறாரு. நல்ல பாய்ச்சல் சார் இது. விட்டா பந்து தானா வெளிய போயிடும். ஆனா கையை நீட்டறாரு... பந்தைத் தொடறாரு... அட.

அத்தான்: என்னம்மா?

எடிட்டர்: உள்ள தள்ளிவிடறாரு.

மச்சான்: அதுவும் மெஷினோட கற்பனை.

எடிட்டர்: உள்ளங்கையால. கன்னுக்குட்டியைத் தொழுவத்துக்குள்ள தள்ளுற மாதிரி.

அத்தான்: மச்சான்.

மச்சான்: கை வழுக்கிடுச்சு அத்தான்.

அத்தான்: வழுக்கின கை மணிக்கட்டைத் திருப்பாதுடா. என்னைப் பாரு. எதுக்குடா இப்படிப் பண்ணே? பத்துப் பேரு உன்னை நம்பி ஆடினான். ஆட்டம் முடிஞ்சதும் உங்க கேப்டன் உன்னைத் தெருவெல்லாம் துரத்தினான். இன்னைக்கு வரைக்கும் காய்கறிக் கடைக்காரன்கூட உன்னை சல்லடைன்னுதான் கூப்பிடறான். நானே கூப்பிடறேன்.

மச்சான்: நீங்கதான் அதிகமா கூப்பிடறீங்க.

அத்தான்: சொல்லு. யாருகிட்டயாவது ஏதாவது வாங்கினியா?

மச்சான்: அக்காகிட்ட வாங்கினேன். குட்டு.

அத்தான்: உங்கக்காவா? அவ எங்க வந்தா இதுல?

மச்சான்: அவளாலதானே எல்லாம். சொல்லிடறேன், ஆனா வீட்டுக்குப் போய் சண்டை போடக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் பழகிக்கிட்டு இருந்தீங்க. எங்கப்பாகிட்ட வந்து முறையா பொண்ணு கேளுங்கன்னு அக்கா எத்தனை நாளா சொல்லிக்கிட்டு இருந்தா. நீங்க என்ன சொன்னீங்க? ஒரு கோலாவது போட்டுட்டுத்தான் உங்கப்பன் முன்னாடி ஆம்பளையா வந்து நிப்பேன்னு சபதம் போட்டீங்க.

எடிட்டர்: சார் சபதமெல்லாம் போட்டிருக்காரு.

மச்சான்: போட்டாரு. கோல்தான் போடல. ஒரு சீசன் போச்சு, அடுத்த சீசனும் முக்கால்வாசி போச்சு. பந்து மரத்துக்குப் போகும், குளத்துக்குப் போகும், ஒரு தடவை பக்கத்து வீட்டு மாடிக்குப் போச்சு. கோலுக்கு மட்டும் போகாது. இதுக்கு நடுவுல அப்பா வேற இடத்துல மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சிட்டாரு. அன்னைக்கு ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி அக்கா கோலுக்குப் பின்னாடி வந்து நின்னா. தலையில நறுக்குன்னு ஒரு குட்டு. 'இந்த மனுஷன் இந்த ஜென்மத்துல கோல் போட மாட்டாரு. இன்னைக்கு பந்து உன் பக்கம் எப்படி வந்தாலும் சரி, உள்ள போகணும். போகல, வீட்டுக்குள்ள நீ வரக் கூடாது'ன்னா. அழுதுட்டுப் போயிட்டா அத்தான்.

அத்தான்: அழுதாளா?

மச்சான்: மூக்கு சிவந்து போச்சு. நான் விட்டுடலாம்னுதான் நின்னேன். சும்மா ஒதுங்கிக்கிட்டா போதும்னு நெனச்சேன். நீங்க அதுக்கும் வழி விடாம வெளிய அடிச்சா, நான் என்ன பண்ணுவேன்? பாய்ஞ்சு போய்த் தள்ள வேண்டியதாப் போச்சு.

எடிட்டர்: கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பின கதையா இருக்கே சார் இது. இப்ப நாளைக்கு எதைத்தான் அனுப்பட்டும்? எல்லாரும் நீங்களா இருக்கிறதா, மங்கலா இருக்கிறதா, இந்தத் தெளிவானதா?

மச்சான்: மங்கலா இருக்கிறது. அத்தான் பேரு கெட வேணாம். கோச் வேலை அவருக்கே கிடைக்கட்டும். ஆயுசுக்கு ஒரே கோல், அதையும் பிடுங்கிக்கிட்டா அவருகிட்ட என்ன இருக்கு?

அத்தான்: தெளிவானதை அனுப்பும்மா.

மச்சான்: அத்தான்...

அத்தான்: சும்மா இரு. வர்ணனை வேண்டாம். நாளைக்கு நானே எழுந்து நின்னு கமிட்டிகிட்ட சொல்றேன். வெளிய போற பந்தைப் பாய்ஞ்சு போய்ப் பிடிக்கத் தெரிஞ்சவன் இவன், பசங்களுக்குச் சொல்லிக் குடுக்க இவன்தான் சரி, என் பேரை எடுத்திடுங்கன்னு.

எடிட்டர்: நெஜமாவா சார்? ஊரே சிரிக்கும்.

அத்தான்: சிரிக்கட்டும். இத்தனை வருஷம் இவனைப் பார்த்துச் சிரிச்சாங்க. இனிமே கொஞ்ச நாள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

மச்சான்: உங்களுக்கு என் மேல கோபமே இல்லையா?

அத்தான்: உன் மேல எதுக்குடா கோபம்?

மச்சான்: அப்ப ஒண்ணு கேட்கிறேன், மறைக்காம சொல்லுங்க. எதிர்ல ஆளில்ல, காத்தில்ல, கோல் கை நீட்டற தூரம். கண்ணைக் கட்டிக்கிட்டு அடிச்சாலும் உள்ளதான் போகும். அவ்வளவு கிட்ட நின்னுக்கிட்டு எப்படி அத்தான் வெளிய அடிச்சீங்க?

அத்தான்: குறி பார்த்துத்தான்டா அடிச்சேன்... உங்கப்பா முன்னாடி நின்னு பொண்ணு கேட்கணும்னு நெனச்சாலே எனக்குக் கால் நடுங்கும். அதுக்குப் பயந்துதான் கோல் போட்டுட்டு வர்றேன்னு உங்கக்காகிட்ட ஒரு சாக்கு சொல்லி வெச்சேன், அந்த ரெண்டு சீசனும் எங்க தவறி உள்ள விழுந்திடுமோன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு பந்தையும் ரொம்பக் கவனமா வெளியதான் அடிச்சுக்கிட்டு இருந்தேன்.