மணலில் இறங்க இடமில்லை

— கத்தாதீங்க டோரின் தங்கச்சி. காத்து கடல்ல இருந்து அடிக்குது, உங்கட சத்தம் அங்க தண்ணியில ஈக்கிற பிறெடி மல்லிக்குக் கேக்காது.

— அப்ப இந்தச் சனத்த விலக்குங்கோ ஸவாஹிர் நானா! அவர் இறங்க இடம் வேணும். அலையில பலகைக்கு மேல நிண்டுகொண்டு, ஆளையே இழுக்கிற அவ்வளவு பெரிய பட்டத்த எவ்வளவு நேரத்துக்கு இழுத்துப் பிடிக்கிறது? கை விட்டுப்போகும்!

— நானும் தொண்ட கிழியச் செல்லிட்டேன், ஆரு கேக்குறா? ஹஜ்ஜுப் பெருநாள் பின்னேரம், முழு வெள்ளவத்தையும் இந்த மணல்லதான் ஈக்கிது. பட்டத்தக் கண்டுட்டு புள்ளகள் இன்னும் கிட்ட ஓடி வருதுகள்.

— காலையில வந்து பார்த்தனாங்களே, ஒரு காக்கா இல்ல! அதாலதானே இண்டைக்கு இதுதான் சேஃப்பான இடம் எண்டு சொன்னவர்.

— காலையில எல்லாரும் பெருநாள் தொழுகையில. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீந்தா...

— கோல் எடுத்தவர்! நீங்களும் பள்ளியில, ஃபோன் ஓஃப்!

— சரி, சண்ட பிடிக்கிற நேரமா இது?

— பம்பலப்பிட்டிப் பக்கம் போகச் சொல்லிக் காட்டுவமா?

— அங்க தண்டவாளத்தடி முழுக்கப் பாறாங்கல்லு.

— அப்ப பட்டத்தக் கழட்டிப்போட்டு நீந்தி வரட்டும்!

— இந்த அலையில நீந்தினா இந்த மணலுக்குப் பக்கத்துல ஈக்கிற கல்லுலதான் கொண்டு போய் அடிக்கும். போட்டுக்காரங்களுக்கு ஃபோன்ல செல்லீக்கு. வருவாங்க.

— எப்ப? இருட்டினாப் பிறகோ? மாதாவே... நானா, அவர் இறங்கட்டும். கிட்ட வந்தா சனம் தானா விலகும்.

— விலகாது தங்கச்சி. அந்தப் பட்டத்துக் கயிறு கத்தி மாதிரி. இந்த வேகத்துல ஒரு புள்ளட கழுத்துல பட்டா?

— எனக்கு என்ர மனுசன் வேணும்! வீட்டில எங்களுக்கும் ரெண்டு பிள்ளையள் இருக்கு!

— எனக்கு மட்டும் அவன் ஆரு? மல்லி எண்டு சும்மாவா கூப்பிடுறேன்? கூடப்பொறக்காத தம்பி!

— அங்க, அங்க! திரும்பிட்டார்! ஏலாமப் போச்சு போல, கரைக்கு வாறார்! சிங்களத்திலயும் விலகச் சொல்லுங்கோ!

— யா அல்லாஹ்! விலகுங்க! புள்ளகளத் தூக்குங்க! அய்யே, அயின் வென்ன! அயின் வென்ன!

— நானா, அந்தச் சிவப்புச் சட்டைப் பிள்ளை... தண்ணிக்கு நேர ஓடுது. தாய் எங்க?

— காணல்ல. நான் ஓடிப் போறதுக்குள்ள... தங்கச்சி, என்ன செய்றீங்க? ரெண்டு கையையும் தூக்கி ஆட்டாதீங்க! கூப்பிடுறீங்க எண்டு நெனச்சிக்குவான்!

— கூப்பிடேல்ல நானா. வரவேண்டாம் எண்டு சொல்றன்.